பழைய உடைகளை எங்கள் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள்: ஒரு கேம் நிறுவனத்துக்குத் திறந்த மடல்

கேமின் வணிகப் பிரிவினருக்கும், இந்த முடிவுக்குச் சம்மதம் சொன்ன மற்றவர்களுக்கும்,

அடுத்த பெரிய அப்டேட்டில் கேரக்டர்களின் பழைய உடைகளை "ஓய்வுக்கு அனுப்பப் போகிறோம்" என்று அறிவித்திருக்கிறீர்கள். கதைக் குவெஸ்ட்டுகளிலும் (கதையில் தரப்படும் பணிகள்) பருவகால நிகழ்வுகளிலும் நாங்கள் விளையாடிப் பெற்ற உடைகள் அவை. அவற்றில் சில பின்னால் கடைக்கு வரலாம், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும், நிஜக் காசு கொடுத்து வாங்கும் கேம் நாணயத்துக்கு மட்டும் என்று அடுத்த வரியில் சொல்கிறீர்கள். அதற்கும் கீழே, யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்டது போல, முகப்பு மெனுவில் இருக்கும் ஓவியக் கூடமும் (கேமுக்காக வரைந்த வடிவமைப்பு ஓவியங்களைப் பார்க்கும் பகுதி) நீக்கப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு காரணங்கள் தந்திருக்கிறீர்கள். பெரும்பாலான வீரர்கள் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. கேமின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டுமே ஏற்கக்கூடியவை அல்ல. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். நீங்கள் நீக்கப்போவது என்ன என்பது அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களுக்கே தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சண்டையில் நான் சுமார்தான். பாஸை, அதாவது பெரிய எதிரியை, அடிக்கப் போகும் குழுவில் ஆள் குறைந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் கேமைத் திறக்காத நாள் அபூர்வம். திறந்ததும் நேராக உடை மெனுவுக்குப் போவேன். மழைக்காட்டுப் பக்கம் போகிறோம் என்றால் மருத்துவப் பெண்ணுக்கு முக்காடு வைத்த அங்கி. துறைமுகத்துக்கு என்றால் கை மடித்த சட்டை, கூடவே அந்தப் பழைய பழுப்பு பூட்ஸ். பகலில் நீலமாகவும் தீவட்டி வெளிச்சத்தில் பச்சையாகவும் தெரிகிற சாயம் ஒன்று இருக்கிறதே, அதை எதற்குப் போட்டால் எடுபடும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் போட்டோ மோட், கேமுக்குள்ளேயே படம் எடுக்கும் வசதி. அப்புறம் பென்சிலும் தாளும். இதெல்லாம் விளையாட்டா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் விளையாட்டு. என்னைப் போல விளையாடுகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் கேம் விளையாடுகிறவர்கள் மத்தியில், அந்த கேமின் உண்மையான கடைசிக் கட்டமே உடை அலங்காரம்தான் என்று ஒரு கிண்டல் வெகுநாளாக ஓடுகிறது. பாதி கிண்டல், பாதி நிஜம்.

சரி, பட்டியலுக்கு வருவோம். அதன் முதல் பக்கத்திலேயே வில்லாளியின் பழைய குளிர்கால மேலங்கி இருக்கிறது. "குறைந்த பயன்பாடு" என்று எதிரே போட்டிருக்கிறீர்கள். அந்த அங்கியை வரைவதற்காக நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இடது கைச் சட்டை மட்டும் முழங்கைவரை கயிறு சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கும், நாண் உரசாமல் இருப்பதற்காக. வலது கை தளர்வாக இருக்கும். வலது தோளில், அம்பறாத்தூணியின் வார் கிடக்கும் இடத்தில், துணி வெளுத்திருக்கும். அம்பறாத்தூணியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் அந்த வெளுத்த பட்டை கண்ணில் படும். இன்னொன்று. வில்லாளியைத் தரையில் உட்காரவைத்தால் அங்கியின் கீழ்ப்பகுதி விரிந்து உள்துணி தெரியும். அதில் ஓர் இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது. அந்த ஒட்டுத் துணியின் பூ வேலைப்பாடு, இரண்டாம் அத்தியாயத்தில் இறந்துபோகும் அக்காவின் மேலாடையில் இருந்த அதே பூ. கதையில் எந்த வசனமும் இதைச் சொல்வதில்லை. குவெஸ்ட் குறிப்பிலும் கிடையாது. யாரோ ஓர் ஓவியர், யாரும் கேட்காமலேயே, உட்காரும்போது மட்டும் தெரிகிற இடத்தில் அதை வைத்திருக்கிறார்.

இதற்கு ஒரு விலை இருந்திருக்கும் என்பதும் தெரியும். முப்பரிமாண உருவங்கள் செய்பவர்கள் பல நேரங்களில் உடலின் ஒரு பாதிக்கு மட்டும் டெக்ஸ்சர் (உருவத்தின் மேல் போர்த்தும் படம்) வரைந்து, அதையே மறுபாதிக்குப் புரட்டிப் போடுவார்கள். டெக்ஸ்சரில் இடம் மிச்சமாகும், வேலையும் குறையும். இடமும் வலமும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்றால் இரண்டையும் தனித்தனியே வரைய வேண்டும், அதற்கு நினைவகமும் கூடுதலாக வேண்டும். ஆக, ஒரு கையில் மட்டும் சுற்றிய அந்தக் கயிறு தற்செயலாக வந்ததல்ல. உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒரு கூட்டத்தில் இதற்காக வாதாடி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பழைய மேலங்கிக்குப் பதிலாக நீங்கள் விற்கப்போகும் புதிய மேலங்கியின் முன்னோட்டப் படத்தையும் பார்த்தேன். பளபளக்கிறது, தோளில் இறகெல்லாம் பறக்கிறது. இடது கையும் வலது கையும் அச்சு அசலாக ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு யார் அம்பு விட்டாலும் முதல் அம்பிலேயே சட்டை நாணில் மாட்டும்.

"பயன்படுத்துவதில்லை" என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அறிவிப்பின் விளக்கக் குறிப்பில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: சண்டைகளில் அணிந்திருந்த உடைகளை எண்ணியிருக்கிறீர்கள். சண்டையில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதில் வியப்பில்லை. புதிதாகக் கிடைத்த கவசத்தை அதன் தோற்றத்தை மாற்றாமல் அப்படியே போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அவசரத்தில் யார் சாயம் பார்க்கப் போகிறார்கள்? ஊர்ச் சதுக்கத்தில் நீரூற்றுப் பக்கம் நிற்பவர்களை எண்ணினீர்களா? போட்டோ மோடில் எடுத்த படங்களை? சண்டையே இல்லாமல் வெறுமனே மலையுச்சியில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பவர்களை? உங்கள் எண்ணிக்கைக்குள் வராத நேரத்தில்தான் இந்த உடைகள் உயிரோடு இருக்கின்றன. தாளில் வரையப்படும் உடையை எந்த சர்வரும் எண்ண முடியாது. அதற்காக அதைப் பயன்பாடு இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

விளையாடிப் பெற்றதைப் பறிப்பது பற்றியும் பேச வேண்டும். கேமில் உடை என்பது ஆரம்பத்திலிருந்தே பரிசாக இருந்திருக்கிறது. 1986-ல் வந்த மெட்ராய்ட் கேமை வேகமாக முடித்தவர்களுக்குத்தான் கடைசியில் கவசம் விலகி, உள்ளே இருப்பது ஒரு பெண் என்று தெரிந்தது. அதை இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் 2011-ல் ஒரு கவசத்தின் தோற்றத்தை இன்னொன்றுக்கு மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. அப்போது பழைய கவசங்களைப் பெட்டியில் அடுக்கிவைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2016-ல் அதையும் சரிசெய்தார்கள். ஒரு முறை பெற்ற தோற்றம் கணக்கிலேயே பதிவாகிவிடும், பொருளை விற்றுவிட்டாலும் தோற்றம் போகாது. பத்து வருடங்களுக்கு முன்பே இன்னொரு கேம் தீர்த்துவைத்த விஷயத்தில் நீங்கள் எதிர்த்திசையில் நடக்கிறீர்கள்.

கடையில் உடை விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2006-ல் ஆப்ளிவியன் கேமில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. இன்று அது சாதாரணம். உங்களிடமும் நான் வாங்கியிருக்கிறேன், இனியும் வாங்குவேன். மாலுமியின் கிழிந்த கோட்டை வாங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அருமையான வேலைப்பாடு. ஆனால் கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கி, அதையே கடையில் வைத்து, பக்கத்தில் கவுன்ட்டவுன் கடிகாரம் ஓடவிடுவது வேறு சங்கதி. இதைப் பற்றி விளையாடுபவர்கள் மட்டும் முணுமுணுக்கவில்லை, அரசாங்கங்களும் பேச ஆரம்பித்துவிட்டன. 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம், ஃபோர்ட்நைட் கேமில் பட்டன்களைக் குழப்பமாக அமைத்து வேண்டாததை வாங்கவைத்தது தொடர்பாக எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று அறிவித்தது. 2024-ல் நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் அதே கேமின் கடைக்காக 11 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. அதன் காரணங்களில் ஒன்று, கவுன்ட்டவுன் கடிகாரங்கள் தவறான எண்ணத்தைத் தந்து குழந்தைகளை அவசரப்படுத்தின என்பது. உங்கள் கேமிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். சதுக்கத்தில் அவர்கள் பேசுவதைக் கேட்டாலே தெரியும்.

விதிமுறைகளில் "எல்லாம் பயன்படுத்திக்கொள்ளும் உரிமம்தான், எதுவும் உங்களுக்குச் சொந்தமில்லை" என்று ஒரு பிரிவு இருப்பதை நினைவூட்டப் போகிறீர்கள். படித்திருக்கிறேன். கலிஃபோர்னியாவில் 2025-லிருந்து டிஜிட்டல் பொருளை விற்கும்போது அது வெறும் உரிமம்தான் என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய கேம்களை நிறுவனங்கள் முடக்கிப் போடக் கூடாது என்று கேட்டு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சட்டப்படி உங்களுக்கு இதைச் செய்ய அதிகாரம் இருக்கலாம். நான் வழக்குப் போட வரவில்லை. அதிகாரம் இருக்கிறது என்பதற்காகவே செய்யப் போகிறீர்களா என்றுதான் கேட்கிறேன்.

இனி ஓவியக் கூடம். எனக்கு உடைகளைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது.

இன்று நான் ஓரளவுக்கு வரைகிறேன் என்றால் அந்தக் கூடம்தான் காரணம். முடிந்துபோன அழகான படங்களைப் பார்த்து யாரும் வரையக் கற்றுக்கொள்வதில்லை. உங்கள் கூடத்தில் நிராகரிக்கப்பட்ட வரைவுகளும் இருக்கின்றன. மருத்துவப் பெண்ணின் பைக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். தோளில் மாட்டுவதா, இடுப்பில் கட்டுவதா, மூடி எந்தப் பக்கம் திறக்க வேண்டும், ஓடும்போது எவ்வளவு ஆட வேண்டும் என்று ஓவியர் தனக்குத் தானே பேசிக்கொண்டது போல இருக்கும். ஓரத்தில் "மிக அழகு, ஆனால் யாரும் நம்ப மாட்டார்கள்" என்று கையெழுத்தில் ஒரு குறிப்பு. அந்த ஒரு வரி எனக்கு எந்தப் பாடப் புத்தகத்தையும்விட அதிகம் சொல்லித் தந்தது. மாரியோவின் தொப்பியும் மீசையும் எப்படி வந்தன என்று கேம் பிடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1981-ல் கையில் இருந்த கொஞ்சம் புள்ளிகளுக்குள் தலைமுடியையும் வாயையும் வரைவது கஷ்டம் என்பதால் மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோ தொப்பியைக் கவிழ்த்தார், மூக்குக்குக் கீழே மீசையை வைத்தார். ஒரு தடையிலிருந்து ஒரு முகம் பிறந்தது. அந்த மாதிரி நூறு முடிவுகள் உங்கள் கூடத்துக்குள் இருக்கின்றன, அவற்றை எடுத்தவர்களின் பெயரோடு. ஆமாம், பெயரோடு. கேமின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் "ஓவியக் குழு" என்ற தலைப்பின் கீழ் வேகமாக மறைந்துவிடும் ஒருவர், அந்தக் கூடத்தில்தான் எந்த உடையை வரைந்தார் என்று தெரியும்.

காஸ்ப்ளே செய்பவர்களுக்கும், அதாவது கேரக்டர்களைப் போல உடை தைத்து அணிபவர்களுக்கும், அதுதான் ஆதாரம். என் தோழி ஒருத்தி குளிர்கால மேலங்கியை நிஜத் துணியில் தைத்தாள். முதுகுப் பக்கத்தில் இரண்டு வார்கள் குறுக்கே போகும் இடத்தில் கொக்கி மேலே இருக்கிறதா, துணிக்குள் மறைந்திருக்கிறதா என்று கேமுக்குள் எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் தெரியவில்லை, முடி வந்து மறைத்துவிடுகிறது. கூடத்தில் இருந்த பின்பக்க வரைபடத்தில் தெளிவாக இருந்தது. வேறு நிறுவனங்கள் இதற்கென்றே மெனக்கெடுகின்றன. ஓவர்வாட்ச் கேமின் கேரக்டர்களுக்கு அதைத் தயாரித்த பிளிஸார்ட் நிறுவனம் நிறக் குறிப்புகளும் ஆயுதத்தின் எல்லாப் பக்கத் தோற்றமும் உள்ள காஸ்ப்ளே தொகுப்புகளை இலவசமாகத் தந்தது. சைபர்பங்க் 2077 கேம் வருவதற்கு முன்பே அதன் கேரக்டர்களுக்கு அப்படிப்பட்ட வழிகாட்டிகள் வெளிவந்தன. உங்களிடம் தயாராகவே இருப்பதை நீங்கள் அழிக்கப் போகிறீர்கள்.

கேமின் அளவு கூடிக்கொண்டே போகிறது என்பது எனக்கும் தெரியும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் எதையாவது அழித்துத்தான் இடம் பிடிக்கிறேன். ஆனால் உயர்தர டெக்ஸ்சர்களைத் தனித் தொகுப்பாக, வேண்டியவர்கள் மட்டும் இறக்கிக்கொள்ளும்படி தருவது இன்று பல கேம்களில் வழக்கம். ஓவியக் கூடத்தையும் பழைய உடைகளையும் அப்படித் தருவதில் என்ன சிக்கல்? அது மட்டுமில்லாமல், பின்னால் கடையில் போடப்போகும் உடை கேமுக்குள் இருந்தாக வேண்டும். அப்போது மட்டும் அளவு கூடாதா? இந்தக் காரணத்தை யோசித்தவர் அடுத்த பத்தியை வாசிக்கவில்லை போலிருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் அதே அறிவிப்பின் கடைசியில் ரசிகர் ஓவியப் போட்டி ஒன்று அறிவித்திருக்கிறீர்கள். "உங்களுக்குப் பிடித்த கேரக்டரை உங்களுக்குப் பிடித்த உடையில் வரையுங்கள்." எனக்குப் பிடித்த உடை நீக்கப்படும் பட்டியலில் இருக்கிறது, வரையலாமா? போட்டியின் விதிகளையும் படித்தேன். அனுப்பும் ஒவ்வொரு படத்தையும், பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எந்த ஊடகத்திலும், எந்தக் கட்டணமும் இல்லாமல், காலவரையறை இல்லாமல் நிறுவனம் பயன்படுத்தலாமாம். வரைந்தவர் பெயரைப் போடுவது "இயன்றவரை". உங்கள் கேமைப் பற்றி எங்கு பார்த்தாலும் கண்ணில் படுவது எங்கள் படங்களும், நாங்கள் தைத்துப் போட்டுக்கொண்டு நிற்கும் உடைகளும்தான். புதிதாக வருபவர்கள் பலர் அவற்றைப் பார்த்துத்தான் வருகிறார்கள். அந்த வேலையை நாங்கள் சம்பளம் கேட்டுச் செய்யவில்லை, ஆசையில் செய்கிறோம். ஆசையில் செய்கிறவர்களிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளலாம்.

நான் கேட்பவை இவை.

குவெஸ்ட்டிலும் நிகழ்விலும் ஏற்கெனவே உடை பெற்றவர்களின் கணக்கிலிருந்து அதை எடுக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்குக் கடையில் விற்பதாக இருந்தால் விற்றுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. "நான் கஷ்டப்பட்டு வாங்கியது இன்னொருவருக்கு எப்படிக் கிடைக்கலாம்" என்று சண்டை போடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அப்படி விற்கும்போது கவுன்ட்டவுன் கடிகாரம் வேண்டாம். ஒரு முறை பரிசாகத் தந்த எந்த உடையும் கால வரம்போடு விற்கப்படாது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

ஓவியக் கூடத்தைத் தனியே இறக்கிக்கொள்ளும் இலவசத் தொகுப்பாக வைத்திருங்கள். நிராகரிக்கப்பட்ட வரைவுகள், பின்பக்க வரைபடங்கள், ஓரக் குறிப்புகள், ஓவியர்களின் பெயர்கள் எதுவும் குறையாமல். முடிந்தால் உடை மெனுவிலேயே ஒவ்வோர் உடைக்கும் பக்கத்தில் அதை வடிவமைத்தவரின் பெயரைச் சேருங்கள். இடம் பிடிக்காது, ஒரு வரிதான்.

போட்டி விதிகளில் "இயன்றவரை" என்பதை நீக்குங்கள். பரிசு பெறாத படங்களை வரைந்தவரின் அனுமதி இல்லாமல் பயன்படுத்த மாட்டோம் என்று சேருங்கள். அதுவரை நானும் எனக்குத் தெரிந்த பலரும் போட்டிக்குப் படம் அனுப்பப் போவதில்லை.

நீக்கும் பட்டியலை எந்த அடிப்படையில் தயாரித்தீர்கள், போட்டோ மோடில் அணிந்த உடைகள் அந்தக் கணக்கில் வந்தனவா என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் மறுபடி எண்ணுங்கள், அதுவரை பட்டியலை நிறுத்திவையுங்கள்.

இவற்றுக்கான பதில் அப்டேட் வெளியாவதற்கு முன்பே வர வேண்டும். உடைகள் போன பிறகு வருகிற விளக்கம் எங்களுக்கு எதற்கும் உதவாது.

இப்படிக்கு,
உங்கள் கேமில் சண்டையைவிட உடை மெனுவில் அதிக நேரம் இருக்கும் ஒரு ரசிகர்